சம்பந்திக்கு ஊர் காட்டியது

"நீ சொல்ல நினைக்கிறதுல பாதி சொல்லு," என்றாள் ஜோஸெத். "அப்புறம் அதுலயும் பாதியக் குறைச்சுக்கோ. அப்பத்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்துல வந்து நிப்ப."

ஃபெர்னான் கண்ணாடி முன் நின்று சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"நான் எப்பக் கூட்டிச் சொன்னேன்?"

"போன வாரம் நம்ம கடைக்குள்ள டால்பின் வந்துச்சுன்னு தபால்காரர்கிட்ட சொன்னியே."

"கடைக்குள்ளன்னு சொல்லல. வாசல் வரைக்கும்னுதான் சொன்னேன்."

ஜோஸெத் கார்ச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து விவாதங்களை அவள் இப்படித்தான் முடித்து வருகிறாள்.

பிரான்சின் தென்கடற்கரையில், மார்சேயின் பழைய துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஃபெர்னானுக்கு ஒரு கடை. படகுக்காரர்களுக்குக் கயிறும் பெயிண்ட்டும் நங்கூரச் சங்கிலியும் விற்பார். அவருடைய தாத்தா நேப்பிள்ஸிலிருந்து கப்பலேறி வந்தவர். ஜோஸெத்தின் தாத்தா ஆர்மீனியாவிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர். ஆகவே இருவரும் அசல் மார்சேய்க்காரர்கள். பாரிஸை வெறுப்பது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. ஃபெர்னான் பாரிஸை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார், கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனபோது. பேருந்திலிருந்து மைதானம், மைதானத்திலிருந்து பேருந்து, நடுவில் இரண்டு பக்கமும் போலீஸ்காரர்களின் கேடயங்கள். ஒரு நகரத்தைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேச அவருக்கு அது போதுமாக இருந்தது.

இப்படிப்பட்டவருக்கு பாரிஸிலிருந்து சம்பந்தி வாய்த்தார்.

ஒரே மகள் எஸ்தெல் லியோனில் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அங்கேயே பெனுவா என்ற பாரிஸ் பையனைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். செப்டம்பரில் கல்யாணம். பெனுவாவின் காப்பீட்டு நிறுவனம் அவனுக்கு இரண்டு இடங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தது. ஒன்று பாரிஸ் தலைமை அலுவலகம். இன்னொன்று மார்சேய் கிளை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். பெனுவா நல்ல பையன்தான். ஆனால் அப்பா அம்மாவைக் கேட்காமல் காலுறைகூட வாங்க மாட்டான்.

"அவங்க லியோனுக்குக் கீழ வந்ததே இல்லப்பா," என்று எஸ்தெல் போனில் சொல்லியிருந்தாள். "மார்சேய்ன்னா துப்பாக்கிச் சூடு, குப்பை, இந்த ரெண்டுதான்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. சனிக்கிழமை வராங்க. காலை ரயில்ல வந்து சாயங்கால ரயில்ல போயிடுவாங்க. எங்களுக்கு லீவு இல்ல, நீங்க ரெண்டு பேரும்தான் சுத்திக்காட்டணும். ஊரு அவங்களுக்குப் பிடிச்சுதுன்னா போதும். நீ பாத்துக்கோ."

அந்த 'நீ பாத்துக்கோ'வை ஃபெர்னான் ஒரு வாரமாக நெஞ்சில் வைத்துச் சுமந்தார். மகள் திரும்பி வருவதா, இல்லை ஆயுளுக்கும் கிறிஸ்துமஸ் விருந்தாளியாகவே இருந்துவிடுவதா என்பது ஒரு பகல் பொழுதில் தீர்மானமாகப் போகிறது. ஊரை அவர் இரவெல்லாம் மனதுக்குள் கூட்டிப் பெருக்கினார். எந்தத் தெரு வழியாகப் போகக் கூடாது, எந்தத் திருப்பத்தில் சம்பந்தியின் முகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்து வைத்திருந்தார்.

ரயில் நிலையத்திலிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு குடை. ஜூன் மாதம், தலைக்கு மேல் துடைத்து வைத்த வானம், கையில் குடை. அதைப் பிடித்திருந்தவர் முசியே வோக்லேர். உயரமான, சாம்பல் நிற மனிதர். பாரிஸ் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால் அவர் மனைவி ஒதீல், கைப்பையை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மார்சேயைப் பற்றி அவளுக்கு யாரோ நிறையச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று ஃபெர்னானுக்குப் புரிந்தது.

"பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா முசியே?"

வோக்லேர் கேள்வியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்ததுபோல் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

"ம்," என்றார்.

நிலையத்துக்கு வெளியே அந்தப் பெரிய படிக்கட்டின் உச்சியில் நின்றார்கள். கீழே நகரம் கடலை நோக்கிச் சரிந்து கிடந்தது. வோக்லேர் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

பாரிஸ்காரர் ஒருவர் மௌனத்தைச் சட்டைப் பையில் கைக்குட்டைபோல் வைத்துக்கொண்டு நடமாட முடியும். மார்சேய்க்காரருக்கு மௌனம் என்பது படகில் விழுந்த ஓட்டை. கையில் கிடைத்ததை எடுத்து உடனே அடைத்தாக வேண்டும்.

"ஐரோப்பாவிலேயே பெரிய படிக்கட்டு," என்றார் ஃபெர்னான்.

வோக்லேர் தலையைக்கூட அசைக்கவில்லை.

"உலகத்துலயேன்னும் சொல்றாங்க."

ஜோஸெத் இருமினாள்.

காரில் ஏறி மலைமேல் இருக்கும் மாதா கோயிலுக்குப் போனார்கள். ஊரில் எங்கே நின்று அண்ணாந்து பார்த்தாலும் தெரியும் கோயில் அது. உச்சியில் தங்க மாதா. ஊர்க்காரர்களுக்கு அவள் 'நல்ல தாய்'. கோயிலுக்கே போகாதவர்கள்கூட அவள் பேரில்தான் சத்தியம் செய்வார்கள், பெரும்பாலும் பொய்ச் சத்தியம். மதில் ஓரமாக நின்றபோது தீவுகள், கப்பல்கள், வெள்ளைப் பாறைகள், கூரைகள் எல்லாம் ஒரே வெளிச்சத்தில் தெரிந்தன. வோக்லேர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். மீண்டும் அதே ஊமைத்தனம்.

"முந்நூறு நாள் வெயில் முசியே, வருஷத்துல," என்றார் ஃபெர்னான்.

கடற்காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"முந்நூத்தம்பதுன்னே வச்சுக்கலாம். மீதி நாள்லயும் மழை ராத்திரிலதான் பெய்யும். யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது பாருங்க."

"அப்படிங்களா!" என்றாள் ஒதீல். அவள் கைப்பை மார்பிலிருந்து கொஞ்சம் இறங்கியிருந்தது. "எங்க வீட்டுல மத்தியானமே விளக்குப் போடணும். சமையல் பண்றப்ப உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் தடவிப் பாத்துத்தான் எடுப்பேன்."

"ஐயோ பாவம்," என்றார் ஃபெர்னான், மனப்பூர்வமாக. பாரிஸ்காரி ஒருத்திக்காக அவர் இரக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

கோயிலுக்குள் கூரையிலிருந்து நூலில் கட்டிய சிறிய பொம்மைப் படகுகள் தொங்கின. புயலில் தப்பித்தவர்கள் நன்றிக்காகக் கொண்டு வந்து கட்டியவை. வோக்லேர் அவற்றில் ஒன்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பார்வை நகரவில்லை. அந்த மௌனம் ஃபெர்னானின் விலா எலும்பில் வந்து குத்தியது.

"அது எங்க தாத்தாவோடது," என்றார்.

ஜோஸெத் கண்ணை மூடிக்கொண்டாள். ஃபெர்னானின் தாத்தா ரொட்டி சுடுகிறவர். நேப்பிள்ஸிலிருந்து வந்த வழியெல்லாம் வாந்தி எடுத்தவர். அதற்குப் பிறகு குளிக்கும் தொட்டியைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பாராம்.

"புயல். அலைன்னா அலை, இந்தக் கோயில் உயரம். பாய்மரம் முறிஞ்சு போச்சு. அவர் பல்லால கயித்தக் கடிச்சுக்கிட்டு..."

"ஃபெர்னான், கார்ல வெயில் ஏறுது," என்றாள் ஜோஸெத்.

"பல்லாலயா?" என்றாள் ஒதீல்.

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் பல்லு கெட்டி மதாம்."

வோக்லேர் படகிலிருந்து பார்வையை எடுத்து ஃபெர்னானின் வாயைப் பார்த்தார். பிறகு மறுபடி படகைப் பார்த்தார். மனிதர் என்ன நினைக்கிறார் என்று சுவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

துறைமுகக் கரையில் மீன்காரிகள் காலைப் பிடிப்பை நீலத் தொட்டிகளில் பரப்பியிருந்தார்கள். ஃபெர்னான் வேண்டுமென்றே நிகொலெத்தின் மேசையைத் தவிர்த்து அடுத்ததுக்குப் போகப் பார்த்தார். அவர் கடை வாசலில் அவள் வண்டியை நிறுத்திய தகராறில் இருவரும் வருடக்கணக்காகப் பேசுவதில்லை. ஆனால் ஒதீலுக்கு அந்த மேசை மீன்தான் பிடித்துப்போயிற்று.

"இது காலையில பிடிச்சதுங்களா?"

"அதோ அந்தத் தீவுக்குப் பின்னால மதாம்," என்று ஃபெர்னான் முந்திக்கொண்டார். "பிடிச்சு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. எங்க ஊர் மீனுக்கு ஐஸ்னா என்னன்னே தெரியாது."

மார்சேயில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஊர்க்காரர் ஒருவர் வெளியூர்க்காரரிடம் அளந்துகொண்டிருந்தால், பக்கத்தில் இருக்கும் எந்த ஊர்க்காரரும் அதை மறுக்கக் கூடாது. தன் பங்குக்கு ஒரு செங்கல்லையும் எடுத்து அதன்மேல் வைக்க வேண்டும். அந்த இருவரும் நேற்று வரை கோர்ட்டில் வழக்காடிக்கொண்டிருந்தாலும் சரி. கேட்பவர் பாரிஸ்காரர் என்றால் இரண்டு செங்கல்.

நிகொலெத் ஃபெர்னானை எரித்துவிடுவதுபோல் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒதீலிடம் திரும்பித் தேன் குழைத்த குரலில் சொன்னாள்:

"அரை மணியா? இவரு கூச்சப்பட்டுச் சொல்றாரு மதாம். இந்த மீனுக்குத் தான் செத்துட்டோம்னு இன்னும் தெரியாது. நீங்களும் போட்டு உடைச்சிடாதீங்க, மனசொடிஞ்சு போயிடும்."

ஒதீல் சிரித்தாள். கைப்பை இப்போது தோளில் சாதாரணமாகத் தொங்கியது. வோக்லேர் குனிந்து மீனின் கண்ணை உற்றுப் பார்த்தார். மீனும் அவரை உற்றுப் பார்த்தது. இருவரில் மீன்தான் கொஞ்சம் பேசக்கூடியதுபோல் இருந்தது.

"மாப்பிள்ளையோட அப்பாவா?" என்று நிகொலெத் ஃபெர்னானிடம் அடிக்குரலில் கேட்டாள்.

"ஆமா."

"பொண்ணு வந்துடுவாளா?"

"அதுக்குத்தான் இவ்வளவு பாடு."

"இவனுக்கு உயிர் இருக்காய்யா? தொட்டுப் பாத்தியா?" என்றாள் நிகொலெத். அதோடு சமாதானக் காலம் முடிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டியில் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள்.

சாப்பாடு லெ கூத் என்ற மீனவர் குப்பத்தில். நகரம் கடலுக்குள் விழப்போகிற கடைசி முனை அது. வெள்ளைப் பாறைகள், நாலைந்து படகுகள், தண்ணீரை ஒட்டிய ஒரு சிறிய உணவு விடுதி. ஃபெர்னான் முந்தாநாளே சொல்லி வைத்திருந்தார். முதலில் மீன்களை முழுசாகத் தட்டில் வைத்து விருந்தாளிகளுக்குக் காட்டினார்கள். பிறகு குங்குமப்பூ நிறத்தில் சாறு மட்டும் வந்தது. அதற்குப் பிறகுதான் மீன். இந்த வரிசை தவறினால் அதற்கு புய்யாபேஸ் என்று பெயர் இல்லை, வெறும் மீன் குழம்பு.

வோக்லேர் பூண்டு விழுதைத் தடவிய ரொட்டித் துண்டைச் சாற்றில் நனைத்து வாயில் போட்டார். மென்றார். கண்ணில் நீர் வந்தது. அது பூண்டாலா வேறெதனாலா என்று ஃபெர்னானால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. ஆகவே பேசினார். இங்கே பல்வலி கிடையாது, கடல் காற்றில் ஏதோ இருக்கிறது என்றார். கடலைப் பார்த்த வீடுகள் இங்கே கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்றார். இந்தக் குப்பத்தில் ஒரு மனிதர் நூற்றுப்பத்து வயதில் இறந்தார், அதுவும் பொறாமையால் என்றார். மேசைக்கு அடியில் ஜோஸெத்தின் செருப்பு அவர் முழங்காலைத் தேடிக்கொண்டே இருந்தது.

"எங்க மாடியில எதிர் வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார்," என்றாள் ஒதீல், யாரும் கேட்காமலே. "பெனுவா பிறக்கறதுக்கு முன்னாலேருந்து இருக்கார். இன்னிக்கு வரைக்கும் வணக்கம்கறதத் தாண்டி ஒரு வார்த்தை இல்ல."

"இங்க வணக்கம் மட்டும்தான் சொல்ல மாட்டாங்க," என்றாள் ஜோஸெத். "நேரா உள்ள வந்து மூடியத் தூக்கி என்ன சமையல்னு பாப்பாங்க."

"நிஜமாவா?" என்று ஒதீல் கேட்ட விதத்தில் ஒரு பசி இருந்தது. அது சாப்பாட்டுப் பசி அல்ல.

அப்போது வோக்லேர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். காலையிலிருந்து முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"சாயங்கால வேளையில இங்க நீங்கள்லாம் என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்வியை ஃபெர்னான் எதிர்பார்த்திருந்தார். இசை நாடக அரங்கம், அருங்காட்சியகம், எழுத்தாளர் சங்கம் என்று பாரிஸ்காரர்களுக்கென்றே ஒரு பதில் தயாராக இருந்தது. அவர் உள்ளே நுழைந்ததே இல்லாத இடங்கள். ஆனால் காலையிலிருந்து அளந்து அளந்து அவருக்குத் தொண்டை வறண்டிருந்தது. அதோடு அந்தப் பாறை கண் முன்னால் இருந்தது. எஸ்தெல் நீச்சல் தெரியாமலே முதலில் குதித்த பாறை.

"ஒண்ணும் செய்ய மாட்டோம் முசியே," என்றார். "கடையச் சாத்திட்டு இங்க வருவேன். அந்தப் பாறையில உக்காந்து காலத் தண்ணியில விட்டுக்குவேன். இவ எதையாவது திட்டிக்கிட்டிருப்பா. இருட்டினதும் வீட்டுக்குப் போவோம்."

"ஒண்ணுமே செய்ய மாட்டீங்களா?"

"ஒண்ணுமே."

மேசையில் யாரும் பேசவில்லை. அலை பாறைக்கு அடியில் புகுந்து வெளியே வந்தது. இந்த ஓட்டையை அடைக்க ஃபெர்னானிடம் எதுவும் இல்லை. பொய்யாக இருந்தால் மேலே இன்னொரு பொய்யை வைக்கலாம். உண்மையின்மேல் எதை வைப்பது? எல்லாம் போயிற்று என்று நினைத்தார். தலைமை அலுவலகத்துக்கு மகனை அனுப்பக் காத்திருக்கும் ஒரு மனிதரிடம், இது ஒன்றுமே செய்யாத ஊர் என்று தானே வாயால் சொல்லிவிட்டார்.

வோக்லேர் எழுந்தார். பாறையை நோக்கி நடந்தார். உட்கார்ந்தார். காலணியைக் கழற்றி, காலுறையை அதற்குள் மடித்து வைத்து, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். உள்ளே இருந்து வெளிவந்தவை பாலில் ஊறியவைபோல் வெளுத்த இரண்டு கால்கள். அவற்றைத் தண்ணீரில் விட்டார்.

"கடவுளே," என்றாள் ஒதீல் மெதுவாக. "அந்தக் காலு ரெண்டையும் நான் வெளிச்சத்துல பாத்தே ரொம்பக் காலம் ஆச்சு."

சற்று நேரத்தில் அவர் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைப்பது தெரிந்தது. ஃபெர்னான் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"பெனுவாகிட்டதான் பேசறாரு," என்று ஜோஸெத்தின் காதில் சொன்னார். "விழுந்துட்டான் மனுஷன்! பாத்தியா? விழுந்துட்டான்!"

"வாய மூடிட்டுச் சாப்பிடு. முள்ளு மாட்டிக்கும்."

வோக்லேர் காலணியைக் கையில் பிடித்தபடி, ஈரக்கால்களோடு திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"பையன்கிட்ட பேசினேன்," என்றார். "உங்க ஊர் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

ஃபெர்னான் எழுந்து அவர் இரு கன்னங்களிலும் முத்தமிட்டார். பிறகு ஒதீலுக்கு. பிறகு தவறுதலாகப் பரிமாறுகிறவருக்கும். விடுதியில் இருந்த எல்லா மேசைக்கும் பஸ்தீஸ் மது கொண்டுவரச் சொன்னார். சோம்பு மணம் எங்கும் பரவியது. முன்பின் தெரியாதவர்கள் கோப்பையைத் தூக்கி வாழ்த்தினார்கள். ஜோஸெத் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"அதனால," என்றார் வோக்லேர், சத்தம் அடங்கக் காத்திருந்து, "நாங்க இங்கேயே வந்துடறதா முடிவு பண்ணியிருக்கோம்."

"யாரு?"

"நானும் ஒதீலும்."

ஒதீல் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் சிரிப்பு தெரிந்தது.

"நல்லது," என்றார் ஃபெர்னான். அவர் கையில் கோப்பை இன்னும் உயர்ந்தே இருந்தது. "ரொம்ப நல்லது. எல்லாரும் ஒண்ணா... பெனுவாவும் வந்து..."

"பெனுவாவுக்கு என்ன? எங்க பாரிஸ் வீடு காலியாயிடுமே. அவங்க அதுல இருந்துக்கலாம். தலைமை அலுவலகத்துக்கு நடந்தே போயிடலாம். பாரிஸ்ல வீடு கிடைக்கற கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. பையன் சந்தோஷத்துல முதல்ல பேசவே இல்ல. அப்புறம், தலைமை அலுவலகத்துக்கே வரேன்னு இப்பவே எழுதி அனுப்பிடறேன்னான்."

காலையிலிருந்து வோக்லேர் பேசியதையெல்லாம் கூட்டினாலும் இந்த அளவு வராது. ஃபெர்னான் கோப்பையைக் கீழே வைத்தார். வைத்த இடத்தில் மேசை இருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழி முழுக்க அவர் உண்மையே பேசினார். அறுபது வருட வாழ்க்கையில் அவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் அவர் பேசியதில்லை.

"முசியே, ஒரு விஷயம். மிஸ்த்ரால் காத்து ஆரம்பிச்சுதுன்னா நாள்கணக்குல அடிக்கும். ஜன்னல் கதவு பிச்சுக்கிட்டுப் போகும். எங்க மாமியார் வீட்டு ஓடு ஒரு தடவை பக்கத்துத் தெருவுல கிடந்துச்சு."

"ம்," என்றார் வோக்லேர். உதட்டோரம் லேசாக விரிந்தது.

"குப்பை அள்ளறவங்க வேலைநிறுத்தம் பண்ணினா தெருவுல நடக்க முடியாது. எலி இருக்கு. பூனை அளவு இருக்கும்."

"பூனை அளவா!" என்றாள் ஒதீல் ஆனந்தமாக.

"நிஜமா மதாம். பூனை ஒதுங்கி வழிவிடுது, என் கண்ணால பாத்திருக்கேன். என் கடையில ரெண்டு தடவை திருட்டு. ரெண்டாவது தடவை வந்தவன் நங்கூரத்தையே தூக்கிட்டுப் போனான். ஆகஸ்ட்ல வெயில் மண்டையப் பிளக்கும். இந்தச் சாலையில ஒரு நாளைக்கு..."

வோக்லேர் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, முன் இருக்கையில் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு பல வருடங்களாகப் பூட்டிய அறையைத் திறந்ததுபோல் கொஞ்சம் கிரீச்சிட்டது.

"பிரமாதம்," என்றார். "உங்க ஊர்க்காரங்க அளப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நேர்ல கேக்கறப்ப அதோட சுகமே வேற. நங்கூரம்!"

"ஃபெர்னான் சொல்றது உண்மைதான்," என்றாள் ஜோஸெத். "நங்கூரம்தான் போச்சு."

"நீங்களுமா!" என்று ஒதீல் அவள் தோளில் செல்லமாகத் தட்டினாள்.

நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், காலையில் ஃபெர்னான் சுற்றிக்கொண்டு போய்த் தவிர்த்த முனையில், குப்பை மூட்டைகள் இடுப்பளவு குவிந்து கிடந்தன. இப்போது அவர் வேண்டுமென்றே அங்கேதான் காரை நிறுத்தினார்.

"பாருங்க முசியே. நான் அளக்கறேனா? நீங்களே பாருங்க. வாரக்கணக்கா இப்படித்தான்."

நடைபாதையில் டாக்சிக்காரர் ஒருவர் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். ஃபெர்னான் அவரிடம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. இந்தக் குப்பை எவ்வளவு நாளா இங்க கிடக்கு? இவர் பாரிஸ்லேருந்து வந்திருக்காரு, அவர்கிட்ட சொல்லு."

'பாரிஸ்' என்ற சொல் காதில் விழுந்ததும் டாக்சிக்காரர் நிமிர்ந்து நின்றார். குப்பையைப் பார்த்தார். வோக்லேரின் குடையைப் பார்த்தார்.

"எந்தக் குப்பை?" என்றார். "ஓ, இதுவா? இது எங்களது இல்ல முசியே. பக்கத்து ஊர் துலோன்லேருந்து ராத்திரில கொண்டாந்து போட்டுட்டுப் போறானுங்க. எங்க ஊரு சுத்தத்தப் பாத்து வயித்தெரிச்சல்."

ஃபெர்னான் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் வேறென்ன சொல்லியிருப்பார்?

நடைமேடையில் வோக்லேர் அவரைத் தானாகவே கட்டிப்பிடித்தார். அந்த நீண்ட உடல் எப்படி மடங்குவது என்று தெரியாமல் மடங்கியது. ரயில் கிளம்பி மறைந்தது.

படிக்கட்டில் இறங்கும்போது எஸ்தெல் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா! என்ன மந்திரம்பா போட்ட? அவங்க வீட்டுல பால்கனி இருக்குப்பா. பூங்கா தெரியும். பெனுவா அழுதுட்டான், தெரியுமா? உங்க அப்பாவுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசுன்னான்."

"எஸ்தெல்." அவர் ஒரு படியில் நின்றார். "நீங்க இங்க வரதா... பெனுவா என்ன நெனச்சிருந்தான்?"

"மார்சேய்னுதான்பா நெனச்சிருந்தான். அவனுக்குக் கடல் பிடிக்கும். அவங்க அப்பா வேண்டாம்னு சொல்லாம இருந்தாப் போதும், நாங்க வந்திருப்போம். ஆனா இது எவ்வளவோ மேல் இல்லையாப்பா? பாரிஸ்ல சொந்த வீடு மாதிரி! நீ கேட்டுத்தானே அவர் விட்டுக்கொடுத்தாரு?"

ஃபெர்னான் கீழே கிடந்த நகரத்தைப் பார்த்தார். எதிரே அந்த மலை, அந்தத் தங்க மாதா, அவள் முதுகுக்குப் பின்னால் கடல்.

"ஆமா," என்றார். "ஆமாம்மா."

அவர் போனை வைத்ததும் ஜோஸெத்தின் போன் ஒலித்தது. ரயிலிலிருந்து ஒதீல் செய்தி அனுப்பியிருந்தாள். ஜோஸெத் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"என்னவாம்?"

"அடுத்த மாசம் வீடு பாக்க வராங்களாம். ஓட்டல்ல தங்க மனசில்லையாம், ஊரோட ஊரா இருக்கணுமாம். எஸ்தெல் ரூமு காலியாத்தானே இருக்கும்னு கேட்டிருக்கா."

"எவ்வளவு நாளைக்கு?"

"வீடு கிடைக்கற வரைக்கும்."

அந்த அறையின் சுவருக்கு ஃபெர்னான் ஈஸ்டருக்குத்தான் புது வண்ணம் அடித்திருந்தார். மகளுக்குப் பிடித்த மஞ்சள்.

ஜோஸெத் பதில் எழுதத் தொடங்கினாள். எழுதிக்கொண்டே காரில் ஏறினாள். 'வாங்க' என்று அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள்.

"அந்தக் கட்டில் பத்தாது," என்றாள். "மனுஷன் உயரம். காலு வெளியில தொங்கும். பெரிய கட்டில் எங்க கிடைக்கும் ஃபெர்னான்?"

அவருக்குத் தெரியும். இந்த மௌனத்தை மட்டும் அடைக்காமல் விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.